நிரம்பி வழியும் அணையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மும்பையிலிருந்து புனேக்கு ரயிலில் வந்திராத தமிழ்க் குடும்பம் நம் சங்கத்தில் ஒன்றும் இராது. கர்ஜத் நிலையத்தில் வண்டி நிற்கும். பின்புறம் துணை எஞ்சின்கள் வந்து சேரும். அதன் பின் மலையேற்றம் தொடங்கும். முப்பத்தேழு அடி சென்றால் ஓரடி உயரும் அந்தச் சரிவில் 1863-ஆம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் நிலக்கரியைத் தின்றதைப் போலவே நீரையும் குடித்தன. மலையேறி இளைத்து வந்த எஞ்சினுக்கு உச்சியில் நீர் வேண்டும். லோனாவாலாவில் மழைக்கு என்றுமே குறைவில்லை. ஆனால் பெய்த மழையெல்லாம் சரிவில் ஓடி மறைந்துவிடும். ஆகவே, 1860-களில் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனியார் இந்திராயணி ஆற்றின் தலைப்பில் கல்லால் ஒரு சிறிய அணை கட்டினர். அதுவே புஷி அணை.

1930-ஆம் ஆண்டை ஒட்டி அம்மலைப் பாதைக்கு மின்சாரம் வந்தது. நீராவி எஞ்சின்கள் நாளடைவில் மறைந்தன. எஞ்சினுக்காகக் கட்டிய அணை மட்டும் எஞ்சினைக் காட்டிலும் நெடுநாள் வாழ்ந்து வருகிறது. இன்றும் அது ரயில்வேக்கு உரியதே. ஆயினும், எஞ்சின்கள் வந்து நீர் பருகிய காலம் போய், மனிதர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நீராடும் காலம் வந்துவிட்டது. ஆனி, ஆடி மாதங்களில் அணை நிரம்பி, அதன் படிக்கட்டுகளின் வழியே நீர் வழிந்து இறங்கும். அப்படிகளில் அமர்ந்து முதுகில் நீர் மோத நனைவதற்கென்றே மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் ஜனங்கள் திரள்கின்றனர்.

நாம் ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. பத்தாவது வரை படித்து, உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்தவர்கள். அணைக்கட்டு சாஸ்திரம் பயின்ற பொறியாளர் அல்லோம். எனினும், சங்கத்தின் இவ்வாண்டு உல்லாசப் பயணத்துக்கு எங்கே செல்வது என்ற கேள்வி எழுந்தபோது, வந்த யோசனைகளில் பாதிக்கு மேல் புஷி அணையையே குறித்திருந்தன. 'ரயில்வேயின் அணைதானே, நீங்களே ஏற்பாடு செய்துவிடுங்கள்' என்று அன்பர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டனர். ஏற்பாடு செய்வதற்கு முன் சில செய்திகளை எல்லாக் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். அதன் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அங்கே செல்லும் மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை. இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீட்டில் ஆண்டு முழுவதும் அடைந்து கிடக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் மலைக்காற்று கிடைப்பது பெரும் பேறு. புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு லோக்கல் வண்டியில் ஏறினால் 64 கிலோமீட்டர். மேகம் தலைக்கு மேல் தவழும். கரியில் சுட்ட மக்காச்சோளத்தில் எலுமிச்சையும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்கள். குற்றாலத்துச் சாரலை நினைத்து ஏங்கும் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு அது ஒரு சிறு குற்றாலமே. இந்த இன்பத்தை வேண்டாமென்று சொல்ல நமக்கு மனமில்லை, உரிமையுமில்லை.

ஆனால், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அங்கே நிகழ்ந்ததை மறக்கவும் மனம் வரவில்லை. புனேயைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் அணையின் பின்புறத்துக் காட்டிலுள்ள அருவிக்குச் சென்றிருந்தனர். அந்த அருவி நீர் அணையின் நீர்ப்பரப்பில் வந்து விழுவது. மழை வலுத்தது, ஓடையில் நீர் திடீரென்று பெருகியது. அவர்கள் நட்டாற்றுப் பாறை ஒன்றின்மேல் ஒருவரையொருவர் இறுகப் பற்றியவாறு நின்றனர். கரையில் நின்றவர்கள் கூக்குரலிட்டனர். சிலர் கைப்பேசியில் படம் பிடித்தனர். சிறிது நேரத்துக்கெல்லாம் வெள்ளம் அவர்களை அடித்துச் சென்றது. சிலர் கரையேறினர். ஒரு பெண்மணியும் நான்கு குழந்தைகளும் மாண்டனர். குழந்தைகளில் இளையவருக்கு வயது நான்கு. அப்படத்தைக் கண்ட தாய்மார் பலர் அன்றிரவு உறங்கியிருக்க மாட்டார்கள். பின்னர் மாவட்ட நிர்வாகம் நீர்நிலைகளில் இறங்குவதற்குத் தடையுத்தரவுகள் பிறப்பித்தது.

'அவர்கள் ஆழத்தில் இறங்கியிருப்பார்கள். நாம் படியில்தானே உட்காரப்போகிறோம்' என்று சொல்வாருண்டு. அவர்களும் ஆழத்தில் இறங்கவில்லை என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம். அவர்கள் சென்றபோது அந்த நீர் சிறுவர் விளையாடத்தக்க நீராகவே தோன்றியிருக்க வேண்டும். இல்லாவிடில் நான்கு வயதுக் குழந்தையை எந்தத் தாயும் அழைத்துச் செல்லமாட்டாள். நீர் அவர்களைத் தேடிக்கொண்டு மேலிருந்து வந்தது.

இதற்குக் காரணம் மழையின் கணக்கு. புனே நகரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 700 மில்லிமீட்டர். லோனாவாலாவில் அது 4,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதிலும் பெரும்பகுதி நான்கே மாதங்களில் கொட்டிவிடும். கடலிலிருந்து வரும் மேகம் மலைமுகட்டில் மோதித் தன் சுமையை இறக்கிவிட்டு, வெறுங்கையுடன் புனேக்கு வருகிறது. ஆகையால், புனேயின் வானத்தைப் பார்த்து லோனாவாலாவின் நீரை மதிப்பிடுவது பிசகு. அது மட்டுமன்று; அணையின்மேல் வெயிலடிக்கும்போதே அதற்கு மேலுள்ள மலையில் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். பாறைச் சரிவில் விழுந்த மழை மண்ணில் ஊறுவதில்லை. சிறிது நேரத்தில் ஓடைக்கு வந்து சேர்ந்துவிடும். அணையிலிருந்து வழிகின்ற நீருக்குக் கதவு கிடையாது. நிரம்பினால் தானே வழியும். எனவே, கதவு திறக்கப்போகிறோம் என்று ஊதும் சங்குமில்லை, எச்சரிக்கை மணியுமில்லை. மேலே பெய்த மழையே கீழே வரும் செய்தி.

நீரின் வலிமை ஆழத்தில் மட்டும் இல்லை, வேகத்திலும் இருக்கிறது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள நீரின் எடை ஒரு டன். சரக்குக் கணக்கு எழுதும் நமக்கு ஒரு டன் என்றால் என்னவென்று தெரியும். அதைத் தூக்கி வைக்க எத்தனை ஆள் வேண்டும் என்பதும் தெரியும். அத்தகைய டன்கள் வரிசையாக ஓடி வருவதே வெள்ளம். நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. கணுக்காலுக்குச் சற்று மேலே, அதாவது 15 சென்டிமீட்டர் ஆழத்தில் விரைந்தோடும் நீரே வளர்ந்த மனிதனின் காலை வாரிவிட வல்லது. 60 சென்டிமீட்டர் நீர் மோட்டார் காரையே மிதக்கவைத்து இழுத்துச் செல்லும். இருபது கிலோ எடையுள்ள நம் குழந்தை அதன் முன் எம்மாத்திரம்?

இத்துடன் பாசியும் சேர்கிறது. மாதக்கணக்கில் நனைந்து கிடக்கும் கல்லில் பச்சை படிந்து, எண்ணெய் தடவியது போல் வழுக்கும். படியில் வழுக்கி விழுபவர் பலருக்கு முதலில் அடிபடுவது தலையில்தான். நினைவிழந்தவருக்கு முழங்காலளவு நீரும் சமுத்திரமே. படிகளின் அடியில் நீர் விழுந்து சுழலும் இடம் அதைவிடக் கொடியது. மேலே நுரை அழகாகத் தெரியும்; உள்ளே சுழல் ஆளை மீண்டும் மீண்டும் கீழே இழுக்கும். நன்கு நீந்தத் தெரிந்தவரும் அதிலிருந்து மீள்வது அரிது. அணைக்குப் பின்னாலுள்ள அமைதியான நீர்ப்பரப்போ வேறுவிதமாக ஏமாற்றும். கரையோரம் முழங்காலளவாக இருக்கும்; அடுத்த அடியில் பழைய ஆற்றுப் பள்ளம் இருக்கும்; அடியில் சேறு காலைப் பற்றிக்கொள்ளும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழி இத்தகைய நீரைக் கண்டவர் சொன்னதாகவே இருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெரியவர்கள் இவற்றையெல்லாம் புத்தகம் படிக்காமலே அறிந்திருந்தனர். ஏரிக்குக் கரையும் மதகும் இருப்பது போலவே கலிங்கும் உண்டு. மிகுதியான நீர் வழிந்தோடுவதற்காகக் கட்டிய இடம் அது. தென்பாண்டிச் சீமையில் அதனை மறுகால் என்பர். 'குளம் மறுகால் பாய்கிறது' என்றால் ஊரே சென்று பார்க்கும், கும்மாளமிடும். ஆயினும், கலிங்கின் வாயில் பிள்ளைகளை இறங்க விடமாட்டார்கள். எந்தப் படித்துறையில் குளிக்கலாம், எந்த மடைக்கருகில் போகலாகாது, எந்த மாதத்தில் எந்தக் கல் மூழ்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏழு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டுச் சித்தப்பாவோ மாமாவோ கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்குவர். நமக்கும் அவ்வாறே பழக்கினர். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கிணறுமில்லை, குளமுமில்லை, சொல்லித்தரும் ஊருமில்லை. அவர்கள் அறிந்த நீர் குழாயில் வரும் நீர். அது திருகினால் நிற்கும். அணை நீர் நிற்காது.

2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நம் சங்கத்துக் குடும்பங்கள் நான்கு அங்கே சென்றிருந்தபோது நாம் கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மூன்றாம் படியில் தாய்மாமன் அருகே உட்கார்ந்திருந்தான். அவனுடைய ரப்பர் செருப்பில் ஒன்று நழுவி நீரோடு போயிற்று. புதுச் செருப்பு. அதைப் பிடிக்க அவன் எழுந்து ஓரடி வைத்தான். "டேய், விடுடா, போகட்டும்!" என்று மாமன் கத்தினார். நீரின் இரைச்சலிலோ ஆசையிலோ அது அவன் செவியில் ஏறவில்லை. அப்போது கரையோரம் சோளம் சுட்டுக்கொண்டிருந்த ஓர் மூதாட்டி, "மாகே ஹோ!" என்று ஓர் அதட்டல் போட்டார். பின்னால் போ என்பது அதன் பொருள். பள்ளிக்கூடத்து மராத்தி ஆசிரியையின் குரல் போல ஒலித்த அந்தச் சொல்லுக்குப் பையன் அப்படியே நின்றான். மாமன் அவன் சட்டையைப் பற்றிவிட்டார். செருப்பு மட்டும் படிகளில் குதித்துக் குதித்துச் சென்று அடியிலுள்ள நுரையில் சுழன்றது. மேலே வருவதும் உள்ளே போவதுமாக அது வெகுநேரம் சுழன்றுகொண்டிருந்தது. கரைக்கு வரவேயில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் தாயார் அன்று மதியம் கட்டுச்சோற்றைத் தொடவில்லை.

இந்நிகழ்ச்சியைச் செயற்குழுவில் எடுத்துரைத்தோம். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நம் சங்கத்தில் உண்டு. எல்லோருக்கும் அவர் கார்டு மாமா. அவர் நம்மை நோக்கி, "தம்பி, மலையிறங்கும் வண்டியை ரயில்வே எப்படி நடத்துகிறது, உமக்குத் தெரியுமே, அதை இவர்களுக்குச் சொல்லும்" என்றார். பின்னர் தாமே சொல்லலானார்: "உச்சியிலேயே பிரேக்கைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் வண்டி இறங்கும். வழியில் கேட்ச் சைடிங் இருக்கும். வண்டி அடக்கத்தில் வருகிறது என்று தெரியும் வரை, பாதை அந்தப் பக்கத் தடத்துக்கே திருப்பி வைத்திருக்கும். டிரைவர் கெட்டிக்காரர் என்பதற்காக யாரும் அதை மாற்றி வைப்பதில்லை. ஓடத் தொடங்கிய பிறகு பிரேக்கைத் தேடினால் கிடைக்குமா? நீரும் அப்படித்தான் அப்பா." இதைக் காட்டிலும் தெளிவாக நம்மால் எழுத இயலாது.

'அணை பழையது, உடைந்துவிடுமோ' என்று அஞ்சுவோரும் உளர். அந்த அச்சம் புனேவாசிகளுக்கு இயல்பே. 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி பான்ஷேத் அணை உடைந்து, அவ்வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைபட்டு, நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியதை முதியோர் இன்றும் சொல்வர். 2019-ஆம் ஆண்டு ஜூலையில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே என்னும் சிறிய அணை உடைந்து ஏறக்குறைய இருபது பேர் மாண்டனர். 2021-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்து சில குறிப்பிட்ட தன்மைகளைக் கொண்ட அணைகளும் அதில் அடங்கும். அதனினும் சிறியவற்றைக் காக்கும் பொறுப்பு அவற்றின் உடைமையாளரையே பெரிதும் சார்ந்தது. சுவரைக் காப்பது அவர்கள் கடமை. அதனை நாம் வற்புறுத்திக் கேட்கலாம். ஆனால் சுவர் வலிமையாக நிற்கும்போதே உயிர்கள் போகின்றன என்பதை மறக்கலாகாது. அணை பத்திரமாக இருப்பது வேறு. அணையில் நாம் பத்திரமாக இருப்பது வேறு.

கூட்டமும் ஓர் அபாயமே. அதே இந்திராயணி ஆற்றில், 2025-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி, குண்ட்மளா என்னுமிடத்தில் பழைய இரும்புப் பாலம் ஒன்று இடிந்து விழுந்து நால்வர் மாண்டனர். அன்றும் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளத்தை வேடிக்கை பார்க்க அதன்மேல் ஜனங்கள் நெருங்கி நின்றிருந்தனர். நூறு பேர் நிற்கும் இடம் பத்திரமானது என்று மனம் தானாக முடிவு செய்துகொள்கிறது. நூறு பேரும் அவ்வாறே எண்ணித்தான் நிற்கின்றனர்.

ஆபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் நீரில் மூழ்கினர். அங்கே துவைத்துக் குளித்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் தாம் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி, இருவரை இழுத்துக் காப்பாற்றினர். மற்ற இருவரைக் காக்க இயலவில்லை. அரசு அப்பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது. அவர்களுடைய துணிவு பெரிது. அவர்கள் வீசிய சேலையில் இருந்த அறிவும் பெரிது. மூழ்குபவரைக் காக்கத் தாமும் வெறுங்கையுடன் குதிப்பவர் பெரும்பாலும் இரண்டாவது பிணமாகிறார். சேலை, வேட்டி, கயிறு, கழி, காற்றடைத்த பிளாஸ்டிக் கேன் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் கரையில் நின்றபடியே வீச வேண்டும்.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் வேண்டாதவை. அவற்றால் கேடே விளையும். மூச்சு இல்லாவிடில் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டலும் மார்பை அழுத்தலும் உடனே தொடங்க வேண்டும். 112 அல்லது 108 எண்ணுக்கு ஒருவர் பேச வேண்டும். இம்முறைகளை நேரில் பழகியிருந்தாலன்றி அந்த வேளையில் கை ஓடாது. நம் நாட்டில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். இப்பழக்கம் உள்ளவர் ஒருவர் அருகில் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர் அவர்களுள் எத்தனை பேரோ!

ஆகவே நம் யோசனைகளைச் செயற்குழுவுக்குப் பணிவுடன் முன்வைக்கிறோம். மழைக்காலத்தில் லோனாவாலாவுக்குச் செல்வோம்; மேகத்தையும் அருவியையும் தூரத்தே நின்று பார்ப்போம்; சாலையோரத்தில் உண்போம்; நீரில் இறங்க வேண்டாம். அணையருகே அமர்ந்து பொழுது போக்க விரும்பினால், மழை ஓய்ந்து நீர் தெளிந்த கார்த்திகை, மார்கழி மாதங்களில் செல்வோம். அப்போதும் பெரியவர் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பொறுப்புத் தரலாகாது. இருபது மீட்டர் கயிறு ஒன்று சங்கத்தின் செலவில் வாங்கி வைக்க வேண்டும். புறப்படும் நாளில் வானிலை இலாகாவின் எச்சரிக்கையைப் பார்த்து, அது ஆரஞ்சு அல்லது சிவப்பாயின் பயணத்தை நிறுத்த வேண்டும். டிக்கெட்டுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். தடையுத்தரவு எந்த மாதத்தில் இருப்பினும் அதற்கு உட்பட வேண்டும். ஓடை நீர் தெளிவிலிருந்து கலங்கலாக மாறினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மிகுந்தாலும், யாரையும் கேளாமல் எல்லோரும் மேடேறிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையான யோசனை ஒன்று உண்டு. சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, எட்டு வயது நிறைந்த சிறுவர் சிறுமியர் அனைவருக்கும் நகரிலுள்ள நீச்சல் குளம் ஒன்றில் கோடை விடுமுறையில் நீச்சல் கற்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். பெண் குழந்தைகளை இதில் விட்டுவிடலாகாது. நம் மகளுக்குப் பத்து வயது. "அப்பா, தண்ணீரில் இறங்காதே, இறங்காதே என்கிறீர்களே, இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று யாருமே சொல்லித் தரவில்லையே" என்று அவள் நம்மைக் கேட்டாள். நியாயமான கேள்வி. தமிழ் எழுத்தையும் திருக்குறளையும் ஞாயிறுதோறும் கற்பிக்கிறோம். ஊர்க் கிணறு நமக்குத் தந்த கல்வியையும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம் கடனன்றோ? நீச்சல் கற்பவர்களுக்கு வெள்ளத்தில் இறங்க உரிமை வந்துவிடாது. நீரின் குணம் அவர்களுக்குத் தெரியும். எங்கே இறங்கலாகாது என்பதும் அத்துடன் தெரியும்.

நம் வீட்டு மகளின் பெயரை முதற்பெயராகப் பதிந்துகொள்ளுமாறு காரியதரிசியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மற்ற பெற்றோரும் இம்மாத இறுதிக்குள் தத்தம் பிள்ளைகளின் பெயர்களைத் தெரிவிப்பார்களாக.